சாண்டா கிளாரா கவுண்டி: செவ்வாய்க்கிழமை அஜெண்டா, டிசம்பர் 10 வரி, பொங்கல் விழா உணவுக்கடை

லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் சிக்னல் கெட்டுப்போனால் சன்னிவேல் நகராட்சிக்குப் போன் போட்டுப் பிரயோசனமில்லை. அந்தச் சாலை கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியுடையது (கவுண்டி என்பது மாநிலத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட மாவட்ட அரசு). அதைக் குறுக்கே வெட்டிப் போகும் எல் கமினோ ரியால் மாநில நெடுஞ்சாலை எண் 82. அங்கே பள்ளம் விழுந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸைப் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசல் தெரு மட்டும்தான் நகராட்சியின் பொறுப்பு. மூன்றுக்கும் நடுவே கால் மைல் தூரம்கூட இருக்காது. ஆனால் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிய புகார் பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடும். ஆகவே கவுண்டி சமாசாரம் எதுவானாலும் முதல் வேலை, அது கவுண்டி சமாசாரம்தானா என்று உறுதி செய்வது.

சாண்டா கிளாரா கவுண்டியில் 15 நகரங்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19 லட்சத்துக்கு மேல். சாலைகளில் எட்டு எக்ஸ்பிரஸ்வேக்கள் கவுண்டியிடம்: அல்மடன், கேபிடல், சென்ட்ரல், ஃபுட்ஹில், லாரன்ஸ், மான்டேக், ஆரிகன்-பேஜ் மில், சான் டோமாஸ். கூப்பர்டினோ, சாராடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் ஆகிய மூன்று ஊர்களுக்கும் சொந்தப் போலீஸ் கிடையாது. கவுண்டி ஷெரிஃப் அலுவலகம்தான் ஒப்பந்தத்தின் பேரில் காவல் பார்க்கிறது. அதனால் ஷெரிஃப் தேர்தல் கூப்பர்டினோக்காரருக்கு உள்ளூர்ப் போலீஸ் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும்கூட.

நூலகத்திலும் இதே குழப்பம். கூப்பர்டினோ, மில்பிடாஸ், சாராடோகா, லாஸ் ஆல்டோஸ், கேம்ப்பெல், மார்கன் ஹில், கில்ராய் நூலகங்கள் கவுண்டி நூலக மாவட்டத்தைச் சேர்ந்தவை. சான் ஹோசே, சன்னிவேல், சாண்டா கிளாரா, மவுண்டன் வியூ, பாலோ ஆல்டோ ஊர்கள் தனித்தனி நகர நூலகங்களை நடத்துகின்றன. சான் ஹோசே சர்வதேச விமான நிலையம் நகரத்தினுடையது. ரீட்-ஹில்வியூ, சான் மார்ட்டின் என்ற சிறு விமானத் தளங்கள் கவுண்டியினுடையவை. பஸ்ஸும் லைட் ரயிலும் விடிஏ என்ற தனி அமைப்பு. குடிநீர் மொத்த விநியோகமும் வெள்ளத் தடுப்பும் வேலி வாட்டர். அதற்கு ஏழு பேர் கொண்ட, தேர்தலில் வந்த தனி வாரியம். பள்ளிகள் அவரவர் பள்ளி மாவட்டம். இவற்றில் எதைப் பற்றியும் கவுண்டியை ஆளும் போர்டின் உறுப்பினரான சூப்பர்வைசரிடம் பேசலாம், காது கொடுத்துக் கேட்பார். கையெழுத்துப் போட்டு மாற்ற அவருக்கு அதிகாரமில்லை.

அப்படியானால் கவுண்டி செய்வது என்ன? பொது மருத்துவமனைகள், பொதுச் சுகாதாரம், சிறை, மாவட்ட வழக்கறிஞர், மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) விண்ணப்பங்கள், சொத்து மதிப்பீடும் வரி வசூலும், தேர்தல், பத்திரப்பதிவு, திருமண உரிமம், உணவகச் சோதனை, கவுண்டி பூங்காக்கள். மருத்துவமனைகள்தான் பெருஞ்செலவு. வேலி மெடிக்கல் சென்டர் நெடுங்காலமாகக் கவுண்டியிடம் உண்டு. 2019-ல் ஓ’கானர், செயின்ட் லூயிஸ் இரண்டையும் வாங்கினார்கள். 2025-ல் ரீஜனல் மெடிக்கல் சென்டரையும் எடுத்துக்கொண்டார்கள். இங்கே பத்து வருடம் குடியிருந்தும் கவுண்டி என்ற ஒன்று இருப்பதே பலருக்கு 2020 மார்ச் 16 அன்றுதான் தெரிந்தது. கொரோனா காலத்தில் வீட்டிலேயே இருக்கச் சொல்லிப் பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம்) வந்த ஆணை கவுண்டிச் சுகாதார அதிகாரிகளின் கையெழுத்தில் வந்தது. மாநில ஆணை அதற்குப் பிறகுதான் வந்தது.

அஜெண்டாவைப் படிப்பது

ஐந்து மாவட்டங்கள், ஐந்து சூப்பர்வைசர்கள், நான்கு வருடப் பதவிக்காலம். இந்த ஐவரும் சேர்ந்ததுதான் போர்டு. கூட்டம் சான் ஹோசேயில் 70 வெஸ்ட் ஹெடிங் தெருக் கட்டடத்தில், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை காலை 9:30-க்கு. கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் 1953-ல் வந்தது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாக அஜெண்டாவை வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. செவ்வாய் 9:30 கூட்டத்துக்குச் சனிக்கிழமை காலை 9:30-க்குள் போட்டால் சட்டப்படி போதும். அவசரமாகக் கூட்டும் சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம்தான். இணையதளத்தில் மின்னஞ்சலைப் பதிவு செய்துகொண்டால் அஜெண்டா வந்துவிழும். செய்தித்தாளை மட்டும் நம்பியிருந்தால் தீர்மானம் நிறைவேறிய மறுநாள்தான் விஷயம் தெரியும்.

அஜெண்டா நூற்றுக்கணக்கான பக்க இணைப்புகளோடு வரும். எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிறு போய்விடும், பயனும் குறைவு. ஒவ்வொரு உருப்படியிலும் வினைச்சொல்லை மட்டும் முதலில் பாருங்கள். ‘ரிசீவ் ரிப்போர்ட்’ என்றால் அறிக்கையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அன்று பெரும்பாலும் முடிவு எதுவும் இல்லை. ‘அண்டர் அட்வைஸ்மென்ட்’ என்று தொடங்கி ஒரு தேதி இருந்தால், முந்தைய கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு அதிகாரிகள் பதில் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தேதியின் வீடியோவைப் பார்த்தால் கதை புரியும். ‘டெலிகேட் அத்தாரிட்டி’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். இத்தனை டாலர் வரை, இத்தனை வருடம் வரை ஒப்பந்தம் போடவும் திருத்தவும் அதிகாரியிடம் அதிகாரத்தைக் கொடுக்கிறார்கள் என்று பொருள். அதன்பின் அந்த ஒப்பந்தம் போர்டு முன் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

‘அடாப்ட் ஆர்டினன்ஸ்’ சட்டம் இயற்றுவது. அறிமுகம் ஒரு கூட்டத்தில், நிறைவேற்றம் குறைந்தது ஐந்து நாள் கழித்து, நடைமுறைக்கு வருவது அதற்கும் 30 நாள் கழித்து. முதல் கூட்டத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு என்றாலும், திருத்தங்கள் பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே பேசி முடிந்துவிடும். வருட நடுவில் பட்ஜெட்டை மாற்றும் உருப்படிகளுக்கு ஐந்தில் நான்கு வாக்கு வேண்டும். அஜெண்டாவிலேயே அப்படி எழுதியிருப்பார்கள். இரண்டு சூப்பர்வைசர்கள் மறுத்தால் விழுந்துவிடும் உருப்படி அது. பேச நினைப்பவர்களுக்கு இது முக்கியமான கணக்கு.

கன்சென்ட் காலண்டர் என்ற பகுதிதான் புதியவர்கள் ஏமாறும் இடம். சர்ச்சையில்லாதவை என்று கருதும் உருப்படிகளை ஒன்றாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றுவார்கள், விவாதம் கிடையாது. உங்கள் பகுதிப் பூங்கா ஒப்பந்தம் 60-வது உருப்படியாக இருக்கிறதே, மதியம் போனால் போதும் என்று நினைத்தால், காலை பத்து மணிக்கே அது முடிந்திருக்கும். கன்சென்ட் உருப்படி பற்றிப் பேச வேண்டுமானால் அந்த ஒட்டுமொத்த வாக்குக்கு முன்பே பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னும் முன்னாலேயே பிடிக்க விரும்பினால் கமிட்டிகளைக் கவனியுங்கள். நிதி, சுகாதாரம்-மருத்துவமனை, குழந்தைகள்-முதியோர்-குடும்பம், வீட்டுவசதி-நிலம்-போக்குவரத்து, பொதுப் பாதுகாப்பு என்று ஐந்து கமிட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சூப்பர்வைசர்கள். அங்கே ஆள் நெரிசல் இருக்காது, நேரம் தாராளமாகக் கிடைக்கும், அதிகாரிகளும் பதில் சொல்லும் மனநிலையில் இருப்பார்கள். போர்டு கூட்டத்தில் நாற்பதாவது ஆளாக ஒரு நிமிடம் பேசுவதைவிட, கமிட்டியில் மூன்று பேரில் ஒருவராகப் பேசுவது பலமடங்கு பலன் தரும்.

பட்ஜெட்டுக்குத் தனிக் கால அட்டவணை. நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. நிர்வாகத்தின் பரிந்துரை பட்ஜெட் மே மாதத் தொடக்கத்தில் வரும், பட்டறைகள் மே-யில், இறுதி விசாரணையும் வாக்கும் ஜூனில். ஆயிரம் கோடி டாலருக்கு மேற்பட்ட பட்ஜெட் இது. ஜூன் இரண்டாம் வாரம் போய் ஒரு முதியோர் மையத்துக்குப் பணம் கேட்டால் இரக்கமான பார்வை கிடைக்கும். மார்ச், ஏப்ரலிலேயே உங்கள் மாவட்ட சூப்பர்வைசரின் உதவியாளரைச் சந்தித்து, தொகையும் காரணமும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அது பட்டியலில் ஏற வாய்ப்புண்டு.

மூன்று நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம்

பேசக் குடியுரிமை தேவையில்லை. எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு, விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மா, யாரும் பேசலாம். பெயர் சொல்லாமலும் பேசலாம். பெயர் எழுதினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கொள்கையையோ அதிகாரிகளையோ விமர்சித்தால் தடுக்கவும் முடியாது. மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுபவருக்குக் குறைந்தபட்சம் இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று 2016-ல் சட்டத் திருத்தம் வந்தது (ஒரே நேரத்தில் மொழிபெயர்க்கும் கருவி வசதி இருந்தால் இது பொருந்தாது). தமிழில் மட்டும் பேசத் தெரிந்த பெரியவர்கள் கவுண்டி மருத்துவமனை அனுபவத்தைச் சொல்ல இந்த விதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெயர் கொடுக்கும்போதே மொழிபெயர்ப்பு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

நேரம் வழக்கமாக மூன்று நிமிடத்துக்குள். ஆள் கூடினால் தலைவர் இரண்டு, ஒன்று என்று குறைப்பார். ஆகவே இரண்டு பிரதிகள் தயார் செய்ய வேண்டும்: மூன்று நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 400 சொற்கள், ஒரு நிமிடத்துக்கு 130. முதல் வாக்கியத்திலேயே உருப்படி எண்ணும், ஆதரவா எதிர்ப்பா என்பதும். இரண்டாவதில் நீங்கள் கேட்கும் ஒரே ஒரு மாற்றம். காரணமும் அனுபவமும் அதற்கு அப்புறம். நம்மவர்கள் பலர் சபைக்கு வணக்கம், தன் ஊர், தன் வேலை, இந்த வாய்ப்புக்கு நன்றி என்று தொடங்கி, விஷயத்துக்கு வரும்போது மைக் அணைந்துவிடுகிறது. மரியாதை குறைந்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள், நேராக விஷயத்துக்கு வாருங்கள்.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பொதுக் கருத்து நேரத்தில் பேசலாம். ஆனால் சூப்பர்வைசர்கள் அதை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டம் அனுமதிக்காது. நீங்கள் உருகிப் பேசி முடித்ததும் ஐந்து பேரும் மௌனமாக அடுத்தவரை அழைத்தால் கோபம் வேண்டாம். அந்த மௌனத்துக்கு இதுதான் காரணம். அஜெண்டாவில் ஏற்ற வேண்டுமானால் ஒரு சூப்பர்வைசர் அதை ‘ரெஃபரல்’ ஆகக் கொண்டுவர வேண்டும்.

இந்த முறை வேலை செய்யும் என்பதற்கு ரீட்-ஹில்வியூ நல்ல உதாரணம். கிழக்கு சான் ஹோசே குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தளத்தில் பிஸ்டன் விமானங்கள் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடின. சுற்றுவட்டாரக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவை ஆராயக் கவுண்டியே ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் முடிவு வெளியானது, அதே மாதம் போர்டு வாக்களித்தது, 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. அக்கம்பக்கத்தார் வருடக்கணக்காகச் சொல்லிவந்த புகார்தான். எண்களோடு ஓர் அறிக்கையாக அஜெண்டாவில் ஏறிய பிறகுதான் நகர்ந்தது.

எண்கள் வேண்டுமானால் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. நம் ஊர் ஆர்டிஐ போலவே காரணம் சொல்லத் தேவையில்லை. ஆர்டிஐ போலன்றி இங்கே விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. கோரிக்கை வந்த 10 நாளுக்குள் தர முடியுமா முடியாதா என்று பதில் சொல்ல வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். இந்தப் பத்து நாள் பதிலுக்கானது, ஆவணம் கைக்கு வருவதற்கு அதிக நாள் ஆகலாம். ‘மான்டேக் எக்ஸ்பிரஸ்வே பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். துறை, இரண்டு தேதிகள், ஆவண வகை மூன்றையும் குறிப்பிட்டு, ‘சாலைத் துறை, 2024 ஜனவரி முதல் ஜூன் வரை, இந்தச் சந்திப்பின் சிக்னல் பராமரிப்புப் பதிவுகள்’ என்று கேட்டால் சீக்கிரம் வரும். இல்லாத ஆவணத்தை உருவாக்கித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆகவே ‘ஏன் செய்யவில்லை?’ என்ற கேள்வி இந்தச் சட்டத்தில் செல்லாது.

சொத்து வரி: மூன்று அலுவலகம், நான்கு தேதி

வீட்டின் மதிப்பைப் போடுவது அசெஸ்ஸர். வரி விகிதத்தையும் தொகையையும் கணக்கிடுவது கன்ட்ரோலர்-டிரெஷரர் துறை. பில் அனுப்பி வாங்குவது வரி வசூல் துறை. மதிப்பு அதிகம் என்று வசூல் துறையிடம் சண்டை போட்டாலும், அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அசெஸ்ஸரிடம் போனாலும் கைவிரிப்பார்கள்.

1978-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரோபோசிஷன் 13 என்ற சட்டத்தின்படி அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம். அதன்மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பத்திரக் கடன்களும் சில கட்டணங்களும் சேரும். மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் சந்தை விலைக்குத் தாவும். பக்கத்து வீட்டுப் பாட்டி உங்கள் வரியில் எட்டில் ஒரு பங்கு மட்டும் கட்டுவது இதனால்தான். அதை மேல்முறையீட்டில் காரணமாகச் சொன்னால் எடுபடாது.

வரிப் பில் நவம்பர் 1-ஐ ஒட்டி வரும். முதல் தவணைக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10. தவறினால் 10 சதவீத அபராதம்: வருட வரி 18,000 டாலர் என்றால் ஒரு தவணை 9,000, ஒரு நாள் தாமதத்துக்கு 900 டாலர். பில் வரவில்லை என்பது சாக்காகாது. தபாலில் அனுப்பினால் முத்திரைத் தேதிதான் கணக்கு. டிசம்பர் 10 மாலை தெருப்பெட்டியில் போட்ட உறைக்கு 11-ம் தேதி முத்திரை விழலாம். கடைசி நாளானால் தபால் அலுவலகக் கவுண்டரில் கொடுத்து, கண்ணெதிரே முத்திரை குத்தச் சொல்லுங்கள். ஆன்லைனில் இ-செக் இலவசம், கிரெடிட் கார்டுக்குக் கட்டணம் உண்டு. இ-செக்கில் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், பணம் போனதாகத் திரை காட்டும்; சில நாள் கழித்துத் திரும்பி வரும்போது தேதி கடந்திருக்கும். பணம் கணக்கிலிருந்து உண்மையில் கழிந்ததா என்று மூன்றாம் நாள் பாருங்கள்.

புதிதாக வீடு வாங்கியவர்களைக் கலங்கடிப்பது சப்ளிமென்டல் பில். பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, நிதியாண்டின் மிச்ச மாதங்களுக்கான வரி அது. 4 லட்சம் மதிப்பில் இருந்த வீட்டை 15 லட்சம் டாலருக்கு அக்டோபரில் வாங்கினால் வித்தியாசம் 11 லட்சம். விகிதம் 1.2 சதவீதம் என்று வைத்தால் முழு வருடத்துக்கு 13,200. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கணக்கு. நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதம், அதாவது சுமார் 8,800 டாலர். ஜனவரி முதல் மே வரைக்குள் வாங்கினால் இப்படி இரண்டு பில் வரும். அடமான நிறுவனம் மாதாமாதம் வரிக்கென்று பிடித்தாலும், இந்தப் பில் பொதுவாக உரிமையாளருக்கு நேராக வருகிறது, அவர்கள் கட்டுவதில்லை. வாங்கிப் பல மாதம் கழித்து வருவதால் பலர் இதை மோசடிக் கடிதம் என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மனைக்குரிய பார்சல் எண்ணைக் கவுண்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

உண்மையில் குப்பையில் போட வேண்டியவை வேறு. பத்திரம் பதிவானதும், அரசு முத்திரை மாதிரி ஒன்றோடு, பத்திர நகல் எடுத்துத் தருகிறோம், வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கிறோம் என்று கட்டணம் கேட்டுக் கடிதங்கள் வரும். சொந்தக் குடியிருப்புச் சலுகைக்கு விண்ணப்பம் இலவசம். மதிப்பில் 7,000 டாலர் கழிப்பார்கள், வருடத்துக்குச் சுமார் 70 டாலர் மிச்சம். ஜனவரி 1 அன்று அங்கே குடியிருந்து, பிப்ரவரி 15-க்குள் படிவம் கொடுத்தால் முழுச் சலுகை. ஒருமுறை போதும், வருடாவருடம் தேவையில்லை.

மதிப்பு அதிகம் என்று நினைத்தால் நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் மதிப்பு அறிவிப்பு வரும். மேல்முறையீடு ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை, போர்டின் கிளார்க் அலுவலகத்தில். நவம்பரில் பில் பார்த்துக் கொதித்தெழுபவர்களுக்கு அந்த வருடம் கதவு மூடியிருக்கும். சப்ளிமென்டல் மதிப்புக்கு மட்டும் அறிவிப்புத் தேதியிலிருந்து 60 நாள். கேள்வி ஒன்றுதான்: ஜனவரி 1 அன்று சந்தையில் இந்த வீடு என்ன விலை போயிருக்கும்? அதற்குச் சான்று, பக்கத்தில் விற்ற ஒத்த வீடுகளின் விலை. ஜனவரி 1-க்கு 90 நாளுக்கு அப்புறம் நடந்த விற்பனையை ஏற்க மாட்டார்கள். மூன்று, நான்கு விற்பனை, சதுர அடி, நிலப் பரப்பு, கட்டிய வருடம், பள்ளி மாவட்டம் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போடுங்கள். ரியல் எஸ்டேட் செயலிகளின் உத்தேச விலையைச் சான்றாகக் கொண்டுபோக வேண்டாம்.

படிவத்தில் ‘உங்கள் கருத்தில் மதிப்பு’ என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. முறையீடு நிலுவையில் இருந்தாலும் வரியைக் கட்டியாக வேண்டும். வென்றால் திருப்பித் தருவார்கள். மேல்முறையீட்டு வாரியம் மதிப்பைக் கூட்டவும் செய்யலாம் என்பதால், வீணாக முட்டிப் பார்ப்பதும் சரியில்லை. 2022 வசந்தகால உச்ச விலையில் வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி 1 மதிப்பில் இறக்கம் கிடைத்தது. அந்த இறக்கம் தற்காலிகம். சந்தை ஏறும்போது பழைய அடிப்படை மதிப்பை எட்டும்வரை ஒரே வருடத்தில் 2 சதவீதத்துக்கு மேலும் ஏற்றலாம். அதைப் பார்த்து, சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப் குழுக்களில் புயல் கிளம்பும்.

விற்பனை வரி வேறு கதை. 2025 நவம்பரில் வாக்காளர்கள் மெஷர் ஏ என்ற கவுண்டி விற்பனை வரி முன்மொழிவை ஏற்றார்கள்: ஐந்து வருடத்துக்கு 0.625 சதவீதம், நூறு டாலருக்கு 62.5 சென்ட். அது ‘பொது வரி’. பாதிக்கு மேல் வாக்கு போதும், பணத்தை எதற்கும் செலவிடலாம். குறிப்பிட்ட செலவுக்கென்று கட்டிப்போட்டு போர்டு கொண்டுவரும் ‘சிறப்பு வரி’க்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். விளம்பரத்தில் மருத்துவமனைப் படம் இருந்தாலும், மெஷர் வாசகத்தில் ‘ஜெனரல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வாக்காளர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். தபால் வாக்கு உறையில் போடும் கையெழுத்தை, பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். அது பெரும்பாலும் ஓட்டுநர் உரிம அலுவலகமான டிஎம்வி-யில் மின்திரையில் கிறுக்கியது. பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்திடுபவர் உறையிலும் தமிழில் போட்டால் பொருந்தாமல் போகலாம். அப்போது கடிதம் வரும், படிவத்தில் கையெழுத்திட்டுத் திருப்பினால் வாக்கு எண்ணப்படும். தமிழில் மாதிரி வாக்குச்சீட்டும் இங்கே உண்டு. அது பார்த்துப் புரிந்துகொள்ள. குத்த வேண்டியது மூலச்சீட்டில்.

பொங்கல் விழாவில் பொங்கல் விற்க

சங்க விழாக்களில் அதிகம் மாட்டிக்கொள்வது உணவு அனுமதியில். பொதுமக்களுக்கு அறிவித்து நடத்தும் விழாவில் உணவு கொடுத்தால், விற்றாலும் இலவசமானாலும், கவுண்டிச் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையின் தற்காலிக உணவுக்கடை அனுமதி வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கடைகள் பொது வசதிகளைப் பகிர்ந்தால் அமைப்பாளரும் தனி அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு மனையின் வரைபடம் தேவை: கடைகள், குடிநீர்க் குழாய், கழிவுநீர் ஊற்றும் இடம், குப்பை, கழிவறை. ஒவ்வொரு கடையிலிருந்தும் 200 அடிக்குள் கழிவறை இருக்க வேண்டும், பதினைந்து பணியாளருக்கு ஒன்று. இரண்டு வாரம் முன்னால் கொடுத்தால் கடைசி எல்லை; ஒரு மாதம் முன்னால் கொடுத்தால் வரைபடத்தைத் திருத்திக் கேட்டாலும் நேரம் இருக்கும். கூடாரம் 400 சதுர அடிக்கு மேல் போனால் தீயணைப்புத் துறை அனுமதி தனி.

வீட்டில் சமைத்ததைக் கொண்டுவரக் கூடாது. இங்கேதான் மனத்தாங்கல் வரும். இருபது வீடுகளில் ஆளுக்கு ஒரு பாத்திரம் சாம்பார் என்று பிரித்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மாவு அரைப்பது, காய் நறுக்குவது, தேங்காய்ச் சட்னி அரைப்பது எல்லாம் உரிமம் பெற்ற சமையலறையில் நடக்க வேண்டும், அல்லது கடையிலேயே. கோயில் சமையலறைக்கு உரிமம் இருக்கிறதா, வெளி விழாவுக்குப் பயன்படுத்த விடுவார்களா என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனையாளர் வந்ததும் முதலில் பார்ப்பது கை கழுவும் இடம். திருகு விட்டால் தானாக ஓடும் குழாய் வைத்த 5 கேலன் கலம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெதுவெதுப்பான தண்ணீர், அழுத்தும் சோப்பு, பேப்பர் துண்டு, கீழே கழிவு வாளி. இதைச் சமையல் தொடங்குவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் அடுப்பை முதலில் பற்றவைப்பார்கள், வாளியைத் தேடுவது அதற்கு அப்புறம். கையுறை இருக்கிறதே என்று வாதிட வேண்டாம், அது கை கழுவுவதற்கு மாற்றாகாது. மேசை துடைக்கும் திரவத்துக்கு 2 கேலன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் போட்டு, சோதனைத் தாளில் 100 பிபிஎம் காட்டுகிறதா என்று பாருங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், ஆகவே தாள்தான் முடிவு.

அடுத்தது வெப்பநிலை. சூடான உணவு 135 டிகிரிக்குக் (எல்லாம் ஃபாரன்ஹீட்) கீழே போகக் கூடாது. தயிர்சாதமும் சட்னியும் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது; பனிக்கட்டி பாத்திரத்துக்கு அடியில் மட்டும் இருந்தால் மேல்பரப்பு சூடாகிவிடும், பக்கவாட்டிலும் உணவின் உயரம்வரை நிரப்ப வேண்டும். வெண்பொங்கல் கெட்டியானது; தட்டையான தட்டில் பரப்பி அடியில் ஜெல் எரிபொருள் வைத்தால் அடி பிடிக்கும், மேலே 120-க்கு இறங்கும். உலோக முனை தெர்மாமீட்டரை நடுவிலும் ஓரத்திலும் குத்திப் பாருங்கள், மணிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். ஆழமான பாத்திரத்தை மூடி, வெப்பக்காப்புப் பெட்டியில் வைத்துச் சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது. முந்தைய நாள் குளிரவைத்த சாம்பாரை அடுப்பில் 165 டிகிரிக்குக் கொதிக்கவைத்த பிறகுதான் சூட்டுப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். சூட்டுப்பெட்டியிலேயே சூடேற்ற முயன்றால் மணிக்கணக்கில் ஆபத்தான வெப்பத்தில் கிடக்கும். வடை பொரிக்கும் அடுப்பு கூட்டத்தின் கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் கே வகைத் தீயணைப்பான் இருக்கட்டும். எண்ணெய்த் தீக்குச் சாதாரண வகை போதாது.

நாள் முடிவில் சூடாக வைத்திருந்த மிச்சத்தையும், 45 டிகிரியில் வைத்திருந்த மிச்சத்தையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. டப்பாவில் போட்டுத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டியதுதான். அதனால் ஒரே தடவையில் 400 பேருக்குச் சமைக்காமல் மூன்று பங்காகச் சமையுங்கள், கடைசிப் பங்கை டோக்கன் விற்பனை பார்த்து முடிவு செய்யுங்கள். அனுமதித் தாளைக் கடையின் முன்பக்கம் ஒட்டி, விதிகள் தெரிந்த ஒருவர் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அங்கேயே இருக்க ஏற்பாடு செய்யுங்கள். மேடை நிகழ்ச்சியில் பிள்ளை ஆடும் பெற்றோரை அந்த வேலைக்குப் போடாதீர்கள்.